ஹைன்ரிக் ஹெர்ட்ஸ்

ஹைன்ரிக் ருடால்ஃப் ஹெர்ட்ஸ் (பெப்ரவரி 22, 1857 – ஜனவரி 1, 1894) ஒரு ஜெர்மானிய இயற்பியலாளர் ஆவார். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணித வழியில் முன்னறிவித்த மின்காந்த அலைகளை ஆய்வகத்தில் உண்டாக்கி, அளந்து, அவை ஒளியைப் போலவே நடந்துகொள்கின்றன என்று நிறுவியவர் இவரே. அதிர்வெண்ணின் அலகு இவர் பெயரால் ஹெர்ட்ஸ் என்று வழங்கப்படுகிறது.

ஹெர்ட்ஸ் வானொலி அலைகளைக் கண்டறிந்தவர் என்பது பாடநூல்கள் வாயிலாகப் பரவலாக அறியப்பட்ட செய்தியாகும். அவ்வலைகளின் அதிர்வுக்குக் குறிப்பிட்ட திசை உண்டு என்பதை, அதாவது அவற்றில் தளவிளைவு (முனைவாக்கம் என்றும் கூறுவர்) உண்டு என்பதை, 1888ஆம் ஆண்டில் இவர் காட்டிய சோதனை அந்த அளவுக்கு அறியப்படவில்லை. ஒரே அதிர்வெண்ணில் இரு வேறு செய்திகளை ஒன்றோடொன்று கலவாமல் அனுப்பும் இன்றைய செயற்கைக்கோள் மற்றும் செல்பேசித் தொழில்நுட்பங்கள் அந்தப் பண்பையே அடிப்படையாகக் கொண்டவை. தம் கண்டுபிடிப்பின் எந்தப் பயன்பாட்டையும் காணாமல், 36ஆம் வயதில் ஹெர்ட்ஸ் காலமானார்.

பிறப்பும் இளமையும்

ஹெர்ட்ஸ் ஜெர்மனியின் துறைமுக நகரான ஹாம்பர்க்கில் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் இவரே மூத்தவர். தந்தை குஸ்டாஃப் ஃபெர்டினான்ட் ஹெர்ட்ஸ் ஒரு வழக்கறிஞர். பின்னாளில் ஹாம்பர்க் நகர அரசில் செனட்டராகப் பணியாற்றினார். தாய் அன்னா எலிசபெத். தந்தைவழிக் குடும்பம் யூத மரபைச் சேர்ந்தது. எனினும் ஹெர்ட்ஸ் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே லூத்தரன் கிறித்தவத்தைத் தழுவியிருந்தது. ஹெர்ட்சும் லூத்தரன் கிறித்தவராகவே வளர்க்கப்பட்டார்.

சிறுவயதிலேயே இவரிடம் இருவேறு ஆற்றல்கள் வெளிப்பட்டன. ஒருபுறம் மொழிகளில் ஈடுபாடு கொண்டு அரபு மொழியையும் பயின்றார். மறுபுறம் கடைசல் பொறியில் மரத்தையும் உலோகத்தையும் கடைந்து தாமே கருவிகளைச் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பள்ளிக்குச் சென்று தொழில்நுட்ப வரைபடம் கற்றார். பிற்காலத்தில் தம் சோதனைக் கருவிகள் பலவற்றைத் தாமே வடிவமைக்க இந்தக் கைப்பயிற்சி உதவியது.

பொறியியலிலிருந்து இயற்பியலுக்கு

1875இல் பள்ளிக் கல்வியை முடித்த ஹெர்ட்ஸ், பொறியாளராகும் நோக்குடன் பிராங்க்ஃபர்ட் நகரில் ஓராண்டு செயல்முறைப் பயிற்சி பெற்றார். பிறகு டிரெஸ்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் சிறிது காலம் பயின்றார். தொடர்ந்து பெர்லினில் இருப்புப்பாதைப் படைப்பிரிவில் ஓராண்டு கட்டாய இராணுவச் சேவை புரிந்தார்.

1877இல் பொறியியல் படிப்பைத் தொடர்வதற்காக மியூனிக் சென்றார். அங்குதான் தம் விருப்பம் கட்டுமானத்திலும் அளவைகளிலும் இல்லை, இயற்கையை ஆராய்வதிலேயே உள்ளது என்று தெளிந்தார். பொறியியல் நிலையான வருவாய் தரும் தொழில். ஆய்வுத் துறையிலோ நீண்ட காலம் தந்தையின் பொருளுதவியை நம்பியே இருக்க வேண்டும். எனவே தம் தந்தைக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டார். தந்தை இசைவளித்தார். ஹெர்ட்ஸ் மியூனிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஓராண்டு கணிதமும் இயற்பியலும் பயின்றார். பேராசிரியர் ஃபிலிப் ஃபான் யோலியின் அறிவுரைப்படி லாக்ராஞ்ச், லாப்லாஸ் ஆகியோரின் மூலநூல்களைக் கற்றார்.

ஹெல்ம்ஹோல்ட்சின் மாணவர்

1878இல் பெர்லின் பல்கலைக்கழகத்தை அடைந்த ஹெர்ட்ஸ், அக்காலத்தின் தலைசிறந்த இயற்பியலாளர்களான ஹெர்மான் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், குஸ்டாஃப் கிர்க்காஃப் ஆகிய இருவரிடமும் பயின்றார். மின்னோட்டத்துக்கு நிலைமம் உண்டா என்பது குறித்துப் பல்கலைக்கழகம் அறிவித்திருந்த பரிசுப் போட்டியில், வந்த ஓராண்டுக்குள்ளாகவே, 1879இல் தங்கப் பதக்கம் வென்றார்.

அதே ஆண்டில் பெர்லின் அறிவியல் கழகம் வேறொரு பரிசு வினாவை அறிவித்தது. மின்காப்புப் பொருள்களில் நிகழும் மின்மாற்றங்களுக்கும் மின்காந்த விசைகளுக்கும் தொடர்பு உண்டா என்பதைச் சோதனையால் காட்ட வேண்டும் என்பதே அவ்வினா. மாக்ஸ்வெல் கோட்பாட்டின் அடித்தளத்தைச் சோதிக்கும் வினா இது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதனை ஹெர்ட்சிடம் ஒப்படைக்க விரும்பினார். ஹெர்ட்ஸ் கணக்கிட்டுப் பார்த்து, அன்றிருந்த கருவிகளைக் கொண்டு காணக்கூடிய விளைவு எதுவும் கிட்டாது என்று முடிவு செய்து ஒதுங்கிக்கொண்டார். ஆயினும் அந்த வினா அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

1880இல் சுழலும் கோளங்களில் ஏற்படும் மின்தூண்டல் குறித்த ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் மூன்று ஆண்டுகள் ஹெல்ம்ஹோல்ட்சின் உதவியாளராக இருந்தார். இரு வளைந்த பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தும்போது ஏற்படும் தகைவைக் கணக்கிடும் முறையை இக்காலத்தில் வகுத்தார். இருப்புப்பாதைச் சக்கரங்கள், பந்துத் தாங்கிகள் ஆகியவற்றின் வடிவமைப்பில் இம்முறை இன்றும் பயன்படுகிறது.

1883இல் கீல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அங்கு ஆய்வக வசதி குறைவாக இருந்ததால் மாக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கோட்பாட்டு நோக்கில் ஆராய்ந்து 1884இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சோதனைக்கு ஏற்ற இடம் 1885இல் கிடைத்தது. அவ்வாண்டு கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப உயர்கல்விக்கூடத்தில் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1886 ஜூலையில், அங்குப் பணியாற்றிய மாக்ஸ் டால் என்பவரின் மகள் எலிசபெத்தை மணந்தார். இவர்களுக்கு யோகானா (1887), மாத்தில்டே (1891) என இரு மகள்கள் பிறந்தனர்.

அன்றைய அறிவியல் சிக்கல்

மின்னூட்டம் பெற்ற இரு பொருள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பது எவ்வாறு? இடைவெளியைக் கடந்து விசை நொடிப்பொழுதும் எடுக்காமல் நேரடியாகப் பாய்கிறது என்பதே ஐரோப்பிய அறிஞர் பலரின் கருத்தாக இருந்தது. மாக்ஸ்வெல் இதனை மறுத்தார். மின், காந்த மாற்றங்கள் இடைவெளியின் வழியே ஒளியின் வேகத்தில் அலையாகப் பரவுகின்றன என்றும், ஒளியும் அத்தகைய அலையே என்றும் 1860களில் அவர் கூறினார். 1879இல் மாக்ஸ்வெல் மறைந்தபோது அத்தகைய அலையை மின்கருவியால் உண்டாக்கிக் காட்டியவர் எவரும் இலர்.

இதில் இரண்டு தடைகள் இருந்தன. ஆய்வக அறைக்குள் அடங்கும் அலைநீளம் வேண்டுமெனில் மின்னோட்டம் நொடிக்குப் பல கோடி முறை அலைவுற வேண்டும். அத்தகைய அலைவை உண்டாக்கும் கருவி இல்லை. உண்டாக்கினாலும் அதனை உணரும் கருவியும் இல்லை.

தீப்பொறிச் சோதனைகள்

1886ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வகுப்பறைச் செயல்விளக்கத்துக்குரிய இரு கம்பிச் சுருள்களைக் கொண்டு சோதனை செய்தபோது, ஒரு சுருளில் மின்னிறக்கம் நிகழ்ந்தால் மற்றதன் முனைகளுக்கிடையே சிறு பொறிகள் தோன்றுவதை ஹெர்ட்ஸ் கவனித்தார். மிகச் சிறிய மின்னிறக்கமும் இதற்குப் போதுமானதாக இருந்தது. மிக விரைவான அலைவுகளை உண்டாக்கும் வழி இதில் அடங்கியுள்ளது என்று உணர்ந்தார்.

இவர் அமைத்த அலைபரப்பி எளிமையானது. ஒரு நேர்கம்பியின் நடுவில் சிறு இடைவெளி; இரு முனைகளிலும் பெரிய உலோகக் கோளங்கள் அல்லது தகடுகள். தூண்டு சுருள் ஒன்று இக்கம்பியின் இரு பாதிகளையும் மின்னேற்றும். இடைவெளியில் பொறி பாயும்போது மின்னோட்டம் முன்னும் பின்னுமாக அலைவுறும். வாங்கி இதனினும் எளியது: சிறு இடைவெளி விட்டு வளைத்த ஒரு கம்பி வளையம். அந்த இடைவெளியில் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு நீளமுள்ள பொறி தோன்றினால் அலை வந்துசேர்ந்தது என்று பொருள். இருட்டறையில், கண் இருளுக்குப் பழகிய பின்னரே இப்பொறிகளைக் காண முடிந்தது.

பொறியை நன்கு காண்பதற்காக வாங்கியைப் பெட்டிக்குள் வைத்தபோது பொறியின் நீளம் குறைந்தது. வேறொருவர் இதனைத் தொல்லையாகக் கருதி விட்டிருக்கலாம். ஹெர்ட்ஸ் காரணத்தைத் தேடிப் பல மாதங்கள் செலவிட்டார். முதல் பொறியிலிருந்து வரும் புற ஊதா ஒளியே இரண்டாம் பொறி எளிதில் பாய உதவுகிறது என்றும், கண்ணாடி அவ்வொளியைத் தடுக்கிறது, குவார்ட்சு தடுப்பதில்லை என்றும் கண்டு 1887இல் வெளியிட்டார். இதுவே பின்னர் ஒளிமின் விளைவு எனப் பெயர்பெற்றது. இதற்கான விளக்கத்தை 1905இல் ஐன்ஸ்டைன் அளித்தார்.

1887 நவம்பரில், எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கிவைத்த பெர்லின் கழகத்தின் வினாவுக்கு விடை கண்டு ஹெல்ம்ஹோல்ட்சுக்கு அனுப்பினார். அடுத்து அலையின் வேகத்தை அளக்க முனைந்தார். ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள விரிவுரைக் கூடத்தின் ஒரு சுவரில் 4 மீட்டர் உயரமுள்ள துத்தநாகத் தகட்டைப் பொருத்தினார். அலை அதில் பட்டுத் திரும்பி, வரும் அலையோடு சேர்ந்து நிலை அலையாயிற்று. வாங்கியை நகர்த்திப் பொறி வலுப்பெறும் இடங்களையும் மறையும் இடங்களையும் குறித்து அலைநீளத்தை அளந்தார். அலை அளவான வேகத்திலேயே பரவுகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. ஆயினும் அந்த அலைநீளம் ஏறத்தாழ 10 மீட்டர். கூடமோ அதற்குச் சிறியது. ஒளியுடன் ஒப்பிட்டுக் காட்ட இன்னும் குறுகிய அலை தேவைப்பட்டது.

மின் விசைக் கதிர்கள்

1888ஆம் ஆண்டின் இறுதியில் ஹெர்ட்ஸ் செய்த சோதனைத் தொகுப்பு இவருடைய பணியின் உச்சமாகக் கருதப்படுகிறது. அலைபரப்பியை 26 சென்டிமீட்டர் நீளமுள்ள பித்தளை உருளையாகச் சுருக்கினார். இதன் அலைநீளம் 66 சென்டிமீட்டர். இன்றைய கணக்கில் இது ஏறத்தாழ 450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் ஆகும். துத்தநாகத் தகட்டைப் பரவளைய வடிவில் வளைத்து, 2 மீட்டர் உயரமுள்ள இரு ஆடிகள் செய்தார். ஒன்றின் குவியக் கோட்டில் அலைபரப்பியையும், மற்றதன் குவியக் கோட்டில் வாங்கியையும் வைத்தார். கதிர் ஒரு திசையில் குவிந்து சென்றது. 16 மீட்டர் தொலைவிலும் பொறி தெரிந்தது.

இக்கருவிகளைக் கொண்டு ஒளியியலின் அடிப்படைச் சோதனைகளை ஒவ்வொன்றாக மின் அலைகளில் செய்து காட்டினார்.

1. நேர்கோட்டுப் பரவல்: கதிரின் பாதையில் உலோகத் தகட்டை வைத்தால் அதன் பின்னே நிழல் விழுந்தது. மரக்கதவு கதிரைத் தடுக்கவில்லை.
2. எதிரொளிப்பு: உலோகச் சுவரில் படும் கோணமும் திரும்பும் கோணமும் சமமாக இருந்தன.
3. விலகல்: ஏறத்தாழ 600 கிலோகிராம் எடையுள்ள கீல் முப்பட்டகம் ஒன்றை வார்த்து அதன் வழியே கதிரைச் செலுத்தினார். கதிர் 22 பாகை விலகியது. விலகல் எண் 1.69 எனக் கணக்கிட்டார்.
4. தளவிளைவு: கீழே தனியாக விளக்கப்படுகிறது.

தளவிளைவுச் சோதனை

ஒலி அலையில் காற்றின் துகள்கள் அலை செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைகின்றன. ஒளி அலையிலோ அதிர்வு செல்லும் திசைக்குக் குறுக்கே நிகழ்கிறது. குறுக்கு அதிர்வு மேல்கீழாகவும் இருக்கலாம், இடவலமாகவும் இருக்கலாம், இடைப்பட்ட சாய்விலும் இருக்கலாம். அதிர்வு ஒரே தளத்தில் அமைவது தளவிளைவு எனப்படும். எனவே ஓர் அலையில் தளவிளைவு உண்டென்று காட்டினால் அது குறுக்கலை என்பதும் நிறுவப்பட்டதாகும்.

ஹெர்ட்சின் அலைபரப்பி செங்குத்தாக நின்றது. ஆகவே மின்புலமும் செங்குத்தாகவே அதிர்ந்தது. வாங்கியும் செங்குத்தாக இருந்தபோது பொறி வலுவாகத் தோன்றியது. கதிரை அச்சாகக் கொண்டு வாங்கியை அதன் ஆடியோடு சிறிது சிறிதாகச் சாய்த்தபோது பொறி மங்கியது. 90 பாகையில் முற்றிலும் மறைந்தது. அலை வந்துசேர்கிறது; ஆனால் கிடையாக உள்ள வாங்கிக்கு அது இல்லாதது போலாகிறது.

அடுத்து, 2 மீட்டர் அகலமும் உயரமும் கொண்ட எண்கோண மரச் சட்டத்தில், 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள செப்புக் கம்பிகளை 3 சென்டிமீட்டர் இடைவெளியில் இணையாகக் கட்டினார். கம்பிகள் கிடையாக இருந்தபோது செங்குத்து அலை தடையின்றிக் கடந்தது. செங்குத்தாக இருந்தபோது அலை நின்றுபோயிற்று. சன்னல் கம்பிகளுக்கிடையே அசையும் கயிற்றை உவமையாகக் கொள்ளும் மாணவர்கள் இங்குத் தடுமாறுவதுண்டு. கயிற்றின் அசைவு கம்பிகளுக்கு இணையாக இருந்தால்தான் கடக்கும். மின் அலையில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. மின்புலம் கம்பியின் நீளவாக்கில் இருந்தால் அது கம்பியில் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அம்மின்னோட்டம் அலையைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. புலம் கம்பிக்குக் குறுக்காக இருந்தால் மின்னோட்டம் ஓட இடமில்லை, அலை கடந்துவிடுகிறது.

இறுதியாக, பரப்பியைச் செங்குத்தாகவும் வாங்கியைக் கிடையாகவும் வைத்தார். பொறி இல்லை. இரண்டுக்கும் நடுவே கம்பிச் சட்டத்தை 45 பாகைச் சாய்வில் நிறுத்தினார். வாங்கியில் பொறி தோன்றியது. தடையாக வைத்த பொருளே வழி திறந்துவிட்டது போன்ற இந்நிகழ்வின் விளக்கம் பின்வருமாறு. செங்குத்து அதிர்வை, கம்பிக்கு இணையான கூறு, குறுக்கான கூறு என இரண்டாகப் பிரிக்கலாம். சட்டம் முதல் கூற்றைத் திருப்பிவிடுகிறது. கடந்துவரும் இரண்டாம் கூறு 45 பாகை சாய்ந்திருப்பதால் அதில் கிடைப் பகுதியும் உண்டு. அந்தப் பகுதியே வாங்கியை இயக்குகிறது. கணக்குப்படி அலையின் வீச்சில் பாதியும், ஆற்றலில் கால் பங்கும் வாங்கியை அடையும்.

செங்குத்து அதிர்வும் கிடை அதிர்வும் ஒன்றையொன்று சாராதவை என்பதே இச்சோதனையின் உட்பொருள். ஆனால் ஹெர்ட்சின் நோக்கம் செய்தி அனுப்புவதன்று. மின் அலையும் ஒளியும் ஒன்றே என்று காட்டுவதாகும். அந்நோக்கம் நிறைவேறியது.

பான் நகரில்

சோதனைகளின் செய்தி விரைவில் பரவியது. 1888 செப்டம்பரில் இங்கிலாந்தின் பாத் நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில் ஜார்ஜ் ஃபிட்ஸ்ஜெரால்ட் இவற்றை எடுத்துரைத்தார். மறைந்த கிர்க்காஃபின் இடத்துக்குப் பெர்லின் பல்கலைக்கழகம் ஹெர்ட்சை அழைத்தது. ஹெர்ட்ஸ் அதனை ஏற்காமல், கிளாசியஸ் வகித்த பான் பல்கலைக்கழகப் பதவியைத் தேர்ந்து 1889இல் அங்குச் சென்றார். 1890இல் இலண்டன் அரச கழகம் இவருக்கு ரம்ஃபோர்டு பதக்கம் வழங்கியது. அதே ஆண்டில் மாக்ஸ்வெல்லின் கோட்பாட்டைச் செறிவான சமன்பாடுகளாகத் திருத்தியமைத்து இரு கட்டுரைகள் எழுதினார்.

1889இல் மியூனிக்கைச் சேர்ந்த ஒரு பொறியாளர், இவ்வலைகளைக் கொண்டு தொலைபேசி அமைக்க முடியுமா என்று கேட்டு எழுதினார். குரலின் அதிர்வுகள் மிக மெதுவானவை என்றும், அவற்றுக்குரிய அலைகளைக் குவிக்க ஒரு கண்டத்தின் அளவுள்ள ஆடி வேண்டும் என்றும் ஹெர்ட்ஸ் விடையளித்தார். நொடிக்கு 1,000 அலைவு எனில் அலைநீளம் 300 கிலோமீட்டர் ஆதலால் அவருடைய கணக்கு சரியே. விரைவான அலையொன்றின் மீது குரலை ஏற்றி அனுப்பும் பண்பேற்ற முறை அன்று உருவாகியிருக்கவில்லை.

ஹெர்ட்சின் எல்லா முடிவுகளும் நிலைக்கவில்லை. எதிர்மின்வாய்க் கதிர்களை மின்புலத்தால் திருப்ப 1883இல் முயன்று, திரும்பவில்லை என்று கண்டு, அவை துகள்கள் அல்ல என்று கருதினார். கருவியில் எஞ்சியிருந்த வளிமமே தவறான முடிவுக்குக் காரணம் எனப் பின்னர் தெரிந்தது. 1897இல் ஜே. ஜே. தாம்சன் அக்கதிர்களை மின்புலத்தால் திருப்பிக் காட்டினார். கம்பி வழியே செல்லும் அலையின் வேகமும் காற்றில் செல்லும் அலையின் வேகமும் வேறு என்று ஹெர்ட்ஸ் பெற்ற அளவையும், பெரிய கூடத்தில் சோதனை செய்த ஜெனீவா அறிஞர்களால் 1893இல் திருத்தப்பட்டது.

நோயும் மறைவும்

1892இல் மூக்கிலும் தாடையிலும் தொடங்கிய நோய்த்தொற்று ஹெர்ட்சைக் கடுமையாகத் தாக்கியது. பலமுறை அறுவை மருத்துவம் செய்தும் குணமாகவில்லை. நோயினூடே இயந்திரவியலின் அடிப்படைகளைப் பற்றிய நூலை எழுதி, 1893 டிசம்பரில் கையெழுத்துப் படியைப் பதிப்பாளருக்கு அனுப்பினார். அம்மாதம் வரை வகுப்பும் எடுத்தார். 1894 ஜனவரி 1 அன்று பான் நகரில் காலமானார். உடல் ஹாம்பர்க்கின் ஓல்ஸ்டார்ஃப் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இவருடைய நூல் அவ்வாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்சின் முன்னுரையுடன் வெளிவந்தது. மாணவருக்கு முன்னுரை எழுதிய ஆசிரியரும் அதே ஆண்டு செப்டம்பரில் மறைந்தார்.

ஹெர்ட்சுக்குப் பின்

1894 ஜூனில் ஆலிவர் லாட்ஜ் இலண்டனில் ஹெர்ட்சின் நினைவாக உரையும் செயல்விளக்கமும் நிகழ்த்தினார். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், பொலோஞாவில் அகஸ்தோ ரீகி, மாஸ்கோவில் பியோத்தர் லெபெதெவ் ஆகியோர் இன்னும் குறுகிய அலைகளை உண்டாக்கித் தளவிளைவு ஆய்வைத் தொடர்ந்தனர். போஸ் 1895இல் வெளியிட்ட கட்டுரை, படிகங்களால் மின் அலைகளில் ஏற்படும் தளவிளைவைப் பற்றியதே.

ஆனால் வானொலித் தொழில் வேறு வழியில் சென்றது. மார்க்கோனி நெடுந்தொலைவை எட்டுவதற்காக நீண்ட அலைகளையும், நிலத்தில் ஊன்றிய உயர்ந்த செங்குத்துக் கம்பிகளையும் பயன்படுத்தினார். ஆடிகளும் கம்பிச் சட்டங்களும் பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டிருந்தன. குறுகிய அலைகள் மீண்டும் பயனுக்கு வந்தபோது ஹெர்ட்சின் தளவிளைவும் மீண்டது.

தளவிளைவின் இன்றைய பயன்

ஒரு தகவல் தடத்தின் கொள்ளளவு, அதன் அலைக்கற்றை அகலத்தையும் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்தது என்று 1948இல் கிளாட் ஷானன் நிறுவினார். இதன்படி, திறனைக் கூட்டிக் கொள்ளளவைப் பெருக்குவது செலவு மிக்க வழியாகும். விகிதம் 100 உள்ள தடத்தில் கொள்ளளவை இருமடங்காக்க விகிதத்தை ஏறத்தாழ 10,000 ஆக, அதாவது 100 மடங்காக உயர்த்த வேண்டும். மாறாக, அதே திறனைச் செங்குத்து அலைக்கும் கிடை அலைக்கும் பாதியாகப் பகிர்ந்து இரு வேறு செய்திகளை அனுப்பினால், கூடுதல் திறனோ கூடுதல் அலைக்கற்றையோ இன்றிக் கொள்ளளவு ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. 1975இல் ஏவப்பட்ட சாட்காம் 1 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் இம்முறையால் 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் 24 தடங்களை இயக்கியது. வீட்டுக் கூரையிலுள்ள பல வட்டு ஆண்டெனாக்களுக்குத் தொலைக்காட்சிப் பெட்டகம் 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் மின்னழுத்தம் அனுப்புவது, இவ்விரு தளங்களுள் ஒன்றைத் தேர்வதற்கே.

நகரங்களில் இதற்கு வேறொரு பயனும் உண்டு. கட்டிடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று நீக்கிச் சில இடங்களில் சமிக்ஞை மங்கிவிடுகிறது. இம்மங்கல் இரு தளங்களிலும் ஒரே நேரத்தில் நிகழ்வது அரிது. எனவே இரு தளங்களிலும் அலையை வாங்கி, வலுவானதைத் தேர்ந்தோ இரண்டையும் சேர்த்தோ பயன்படுத்தினால் இணைப்பு அறுபடுவது குறையும். இது தளவிளைவுப் பன்மை எனப்படும். பெல் ஆய்வகத்தினர் 1972இல் செல்பேசி வகைத் தொடர்புக்கு இதனை ஆராய்ந்தனர். செல்பேசிக் கோபுர ஆண்டெனாக்கள் பலவற்றின் உள்ளே, வலப்புறம் 45 பாகையும் இடப்புறம் 45 பாகையும் சாய்ந்த இரட்டை உறுப்புகள் அமைந்துள்ளன. கைப்பேசியை மக்கள் எவ்வாறு சாய்த்துப் பிடித்தாலும் ஏதேனும் ஓர் உறுப்பு அலையை உணரும்.

இரண்டுக்கு மேல் தளங்கள் உண்டா? திறந்த வெளியில் ஒரே திசையிலிருந்து வரும் அலைக்கு இரண்டே. ஆனால் பல திசைகளிலிருந்தும் அலைகள் சிதறி வரும் சூழலில், ஒரு புள்ளியில் மின்புலத்தின் மூன்று திசைகளும் காந்தப்புலத்தின் மூன்று திசைகளுமாக ஆறு வேறுபட்ட நிலைகளைப் பிரித்தறியலாம் என்றும், வழக்கமான இரட்டைத் தள முறையைவிடக் கொள்ளளவு மும்மடங்காகலாம் என்றும் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஆண்ட்ரூஸ், பார்த்த மித்ரா, இராபர்ட் டிகார்வால்யோ ஆகியோர் 2001இல் வெளியிட்டனர். கிடைக்கும் பயன் சூழலின் சிதறலையும் ஆண்டெனாவின் வடிவமைப்பையும் பொறுத்தது.

குடும்பமும் நினைவும்

1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்த பின், யூத மரபைக் காரணம் காட்டி ஹாம்பர்க் நகர மன்றத்திலிருந்த ஹெர்ட்சின் உருவப்படம் அகற்றப்பட்டது. பெர்லினில் 1928இல் இவர் பெயரால் தொடங்கப்பட்ட அலைவு ஆய்வு நிறுவனத்தின் பெயரும் நீக்கப்பட்டது. பான் நகரில் இவருடைய உதவியாளராக இருந்து, இவரது இறுதி நூலைப் பதிப்பித்த ஃபிலிப் லெனார்டு, நாசிக் கொள்கையின் முன்னணி ஆதரவாளரானார். ஹெர்ட்சின் சோதனைப் பணியைப் போற்றி, கோட்பாட்டுப் பணியை யூத இரத்தத்தின் விளைவு என்று இகழ்ந்தார். விலங்கு உளவியல் ஆய்வாளரான மகள் மாத்தில்டேயின் பணிக்கும் இடையூறு நேர்ந்தது. மனைவி எலிசபெத்தும் இரு மகள்களும் 1930களின் நடுவில் ஜெர்மனியை விட்டு வெளியேறி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் குடியேறினர்.

ஹெர்ட்சின் தம்பி வழியில் வந்த குஸ்டாஃப் லுட்விக் ஹெர்ட்ஸ் 1925ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசை ஜேம்ஸ் ஃபிராங்குடன் பகிர்ந்துகொண்டார். நோபல் பரிசு 1901இல்தான் வழங்கத் தொடங்கப்பட்டதால் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் அதனைப் பெறும் வாய்ப்பு இருக்கவில்லை.

1930களில் பன்னாட்டு மின்தொழில்நுட்பக் குழு அதிர்வெண் அலகுக்கு ஹெர்ட்சின் பெயரைச் சூட்டியது. 1960இல் எடைகள், அளவைகளின் பொது மாநாடு அதனைப் பன்னாட்டு அலகு முறையில் சேர்த்தது. பெர்லினின் ஆய்வு நிறுவனம் போருக்குப் பின் மீண்டும் இவர் பெயரைப் பெற்றது. ஹாம்பர்க்கில் 1968இல் கட்டி முடிக்கப்பட்ட, ஏறத்தாழ 280 மீட்டர் உயரமுள்ள தொலைத்தொடர்புக் கோபுரம் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் கோபுரம் என்று அழைக்கப்படுகிறது.